மழையோடு தொடர்பில்லாத மேகம்

திண்டுக்கல்லிலிருந்து எரியோடு போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனை மூக்கோடு ஒட்டிவைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரையைத் திருத்துகிறாராம். எதையும் சத்தமாகப் படித்துப் பார்க்காமல் சேமிக்க மாட்டார்.

“அக்கா, செத்த நேரம் இதக் கேளுங்க. ‘இந்த மேகத்தில் பரிமாறுபவர்களை வாடகைக்கு எடுக்கலாம்.’ என்ன புரியுது?”

“கல்யாணப் பந்தியா?”

“கம்ப்யூட்டர் சர்வர், அக்கா! யாரோ மிஷின்ல மொழிபெயர்த்து அப்படியே போட்டுட்டாய்ங்க.”

பரிமாறுபவர்கள் போய், ‘சர்வர் எனப்படும் கணினிகள்’ வந்தன. மேகத்தை மட்டும் அவர் தொடவில்லை. எங்கோ இருக்கும் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு விடுவதற்கு அந்தத் தொழிலில் அதுதான் பேராம்.

முன் இருக்கைப் பெரியவர் திரும்பினார். “மேகம் வாடகைக்குக் கெடைக்குதா தாயி? எங்க காட்டுக்கு ஒண்ணு சொல்லிவிடு. சோளம் காயுது.”

பேருந்தே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

“ஐயா கேக்குறது நியாயந்தேன்” என்று சொல்லி, கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தார். அதையும் சத்தமாகப் படித்தார்: “இந்த மேகத்துக்கும் மழைக்கும் தொடர்பில்லை.”

“அப்ப வேணாம்” என்று பெரியவர் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையைத் தேடிப் பார்த்தேன். ‘தேவையற்றது’ என்று யாரோ அந்த வரியை நீக்கியிருந்தார்கள். மறுநாள் பார்த்தால் திரும்ப வந்திருந்தது.

வானம் கறுத்து, தூறாமலே கலைந்துபோகும் நாட்களில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். மழைதான் இல்லை, வரி இருக்கிறது.