பாவுக் கஞ்சியும் முதல் பரிசும்

“…நூலுக்கே கஞ்சி போட்டாத்தான் விறைச்சுக்கினு நிக்குது, எம்புள்ள நிக்க மாட்டானாக்கா?” என்று கேட்டாள் கன்னியம்மா. இடுப்பில் இரண்டு வயது மகன், கையில் பரிசுக் குடம். விவரம் கெட்டவள் நான்தான் என்பதுபோல ஒரு பார்வை.

உடம்பை ஏற்றப் பேரன் வாங்கி வைத்திருக்கும் புரதப்பொடி டப்பாவை நேற்று திறந்தேன். அந்தக் காலத்துப் பால்பவுடர் வாசனை. உடனே அவள் குரல். வாசனைக்கு வெட்கமே கிடையாது. கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தாய்சேய் நிலையத்தில் எனக்கு எடுபிடி வேலை. எட்டாவதோடு படிப்பு போச்சு. டாக்டரம்மா மேசையில் விட்டுப்போகும் சத்துணவுப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்து, மாவுச்சத்து வேறு, புரதம் வேறு என்று தெருத்தெருவாய்ப் பிரசங்கம் செய்வேன். “தோ வந்துட்டாடி, சோத்துல குத்தம் பாக்கறவ!” என்று பெண்கள் கதவைச் சாத்துவார்கள்.

கன்னியம்மா வீட்டில் நெசவு. விடிந்ததும் பாவு இழைகளைத் தெருவில் நீட்டிக் கட்டி, விறைப்பு ஏற அரிசிக்கஞ்சி தடவுவார்கள். மறுபடி உண்டானதும் பையனுக்குப் பாலை மறக்கடித்துவிட்டு, அந்தக் கஞ்சியில் மிஞ்சியதைத்தான் மூன்று வேளையும் ஊற்றினாள். பையன் உப்பினான். கன்னம் பளபளத்தது. முடிகூடச் செம்பட்டையானது. “வெள்ளக்காரங்கணக்கா இருக்கான் பாரேன்!” தெருவுக்கே பொறாமை.

அந்த வருஷம் நிலையத்தில் கொழுகொழு குழந்தைப் போட்டி. தராசு என் பொறுப்பு. கன்னியம்மா மகனின் எடையை மைக்கில் தொண்டை கிழியக் கூவினேன். அவன் அழவில்லை, சிரிக்கவில்லை, வைத்த இடத்திலேயே கிடந்தான். “இன்னா சமத்து!” என்றார்கள் மேடையில் இருந்தவர்கள். முதல் பரிசு எவர்சில்வர் குடம். பால்பவுடர் டப்பா ஆறுதல் பரிசு. அது தராசில் நிற்காமல் துள்ளிய ஓர் ஒல்லிப் பயலுக்குப் போனது.

கன்னியம்மா மேடைப் படி இறங்கும்போது பையன் நழுவ, அவன் பாதத்தை அழுத்திப் பிடித்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. படித்ததெல்லாம் அப்போதுதான் மண்டையில் இறங்கியது. ரத்தத்தில் புரதம் வற்றினால் நீரைப் பிடித்துவைக்க ஆளில்லை; அது கசிந்து சதையில் தேங்கும். நான் கூவிய எடையில் எவ்வளவு தண்ணீரோ!

“கன்னிம்மா, இது சதையில்ல, நீரு. கஞ்சிய நிறுத்து. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போ, இல்லன்னா பொழைக்க மாட்டான்.”

அப்போதுதான் அவள் நூலைப் பற்றிக் கேட்டாள். கேட்டுவிட்டு, “குடத்தப் பாத்ததும் வயிறு எரியுதாக்கா? செத்த முன்னாடி மைக்குல கத்துனது யாரு, நீதானே?” என்றாள்.

நான்தான்.

இப்போது அந்தப் போட்டிகள் இல்லை. உப்பிப்போன பிள்ளைகளும் கண்ணில் படுவதில்லை. கன்னியம்மாவின் பையன் அந்த மாதத்தைத் தாண்டவில்லை. குடம் பல வருஷம் அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தது. தெருவில் எதிர்ப்பட்டால் நான்தான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அன்று படியில் நின்று, பாதத்தின் குழியை மறுபடி காட்டினேன். குனிந்து பார்த்தாள். பிறகு என் கையைத் தட்டிவிட்டு, தன் கண்மையை விரலால் வழித்து, என் கட்டைவிரல் பதிந்த அந்தக் குழியிலேயே திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.