அத்தானின் படகுக்கு வராத அப்டேட்

நான் வெளியூரிலிருந்து திரும்பி வந்தபோது அக்கா வீட்டில் அக்கா இல்லை. வேறு ஊர் மருத்துவமனையில் ஒரு வருட ஒப்பந்தத்தில் நர்ஸாகப் போயிருந்தாள். வீட்டில் அத்தான் மட்டும்தான். என் பையைப் பிரிக்காமல் கதவோரம் சாய்த்துவிட்டு, எந்த நாற்காலியிலும் தங்காமல் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்த வீட்டில் என்னைவிட அதிகமாக நடந்தவர் அவர்தான்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கியவர்களிடம் மேலிருந்து குனிந்து, "பதறாதீங்க, நான் இருக்கேன்ல" என்று பேச்சுக் கொடுத்தபடியே கதவைத் திறந்துவிடும் மனிதர். அப்படிப்பட்டவரையே பதறவைத்தது ஒரு படகு.

அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. இரண்டு பேர் சேர்ந்து ஆற்றில் படகு ஓட்டிச் சரக்கு ஏற்றி இறக்க வேண்டும். சுக்கான் அக்காவிடம், இன்ஜின் அத்தானிடம். டியூட்டி முடிந்த மாலைகளில் அவள் அங்கிருந்து ஏறுவாள், இவர் இங்கிருந்து ஏறுவார். வந்த புதிதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன்.

"பாறை கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"நீங்க வேகத்தைக் குறைச்சாத்தானே நான் திருப்ப முடியும்!"

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் அவளை மேட்ரன் திட்டியது, இவருடைய முதுகுவலி எல்லாம் வந்து விழும். வெறும் போனில் இருவருக்கும் பேச வராது.

ஒருநாள் அக்காவின் லேப்டாப்பில் விளையாட்டு தானாகவே புதுப் பதிப்புக்கு மாறிவிட்டது. அவள் வாங்கியது எல்லாரும் வாங்கும் பெரிய ஆன்லைன் கடையில். அங்கே அப்டேட் கூப்பிடாமலே வந்து உட்காரும். அத்தானிடம் இருந்தது வேறொரு கடையின் பூட்டில்லாத பதிப்பு. வாங்கியதும் முழு ஃபைலும் கைக்கு வந்துவிடும். யாருடைய அனுமதியும் கேட்காமல் திறக்கும். ஆனால் அப்டேட்டை நாமே தேடி எடுத்து, வரிசை தப்பாமல் போட வேண்டும். அதுவும் அந்தக் கடை வெளியிட்டால்தான். இந்த முறை வெளியிடவில்லை. 'பதிப்புகள் பொருந்தவில்லை' என்றது திரை. படகு கரையிலேயே நின்றுவிட்டது.

முன்பு ஒரு கடை மூடப்பட்டபோது, அங்கே வாங்கிய விளையாட்டுகளெல்லாம் அத்தானுக்குத் திறக்காமல் போயின. அன்றிலிருந்து பூட்டுப் போட்டதைத் தொடமாட்டார். விளையாட்டையும் அதற்கு வந்த அப்டேட் ஒவ்வொன்றையும் ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒரு நகலை, அக்கா வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், அவள் பெட்டிக்குள் திணித்து அனுப்பியிருந்தார்.

இப்போது வேலை இடத்திலிருந்து எனக்குப் போன் மேல் போன்.

"வந்துச்சா பாரு."

"வரலை அத்தான்."

"பக்கத்தை மறுபடி திறந்து பாத்தியா?"

"திறந்து, மூடி, திறந்து பாத்தாச்சு. அந்தப் பக்கமே என்னைப் பாத்து 'திரும்பவும் நீயா'ன்னு கேக்குது."

மாலையில் அவர் அக்காவைக் கூப்பிடுவார். "சாப்பிட்டியா?" "ம். நீங்க?" "ஆச்சு." அதற்குமேல் இரண்டு பக்கமும் மின்விசிறிச் சத்தம்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பேசாம அந்தப் பெரிய கடையிலயே ஒண்ணு வாங்கிடுங்களேன்."

"தானா ஏறி இறங்குற எதையும் நான் நம்பமாட்டேன் மச்சினி. என் பொழப்பே அதனாலதான் ஓடுது."

இதை அவர் அக்காவிடமும் சொல்லித் தொலைத்தார். "அப்போ உங்களுக்கு நான் முக்கியமா, அந்த ஃபைல் முக்கியமா?" என்றாள் அவள்.

"அது வேற, இது வேற."

"சரி, வேற வேறயாவே இருப்போம்."

மறுநாள் அவள் போனை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. அத்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்; நான் அடுப்படிக்குப் போனேன்; நடுவில் இருமுறை மோதிக்கொண்டோம்.

அடுத்த நாள் வேலையிலிருந்து சீக்கிரமே வந்தவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பெரிய கடையின் பக்கத்தைத் திறந்தார். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார், பக்கத்து வீட்டு மாங்காயைப் பறிக்கிறவர் மாதிரி. பூட்டுப் போட்ட புதுப் பதிப்பு இறங்கி முடியும்வரை எங்கள் இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலை அக்காவே கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "ஏறுங்க. நான் சுக்கான்ல நிக்கிறேன்."

அத்தான் சிரித்தபடி பட்டனை அழுத்தினார். பதிப்புகள் பொருந்தவில்லை.

"என்ன பண்ணினே?"

"என் லேப்டாப்புல இருந்ததைத் தூக்கிட்டு, நீங்க திணிச்ச டிஸ்க்குலேருந்து பழசைப் போட்டேன். உங்க பிடிவாதம் எனக்குத் தெரியாதா?"

"அடியே, நான் புதுசு வாங்கிட்டேனே!"

"யாரைக் கேட்டு வாங்கினீங்க?"

"நீ யாரைக் கேட்டுப் பழசைப் போட்டே?"

படகு இல்லை, பாறை இல்லை. ஆனால் சண்டை பிடித்துக்கொண்டது. டிஸ்க்கில் தொடங்கி, ஷூ போட்ட காலோடு வீட்டுக்குள் வருவதற்குப் போய், முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்காததில் நின்று, மேட்ரனிடம் வந்து சேர்ந்தது. நடந்துகொண்டே கத்திய அத்தான் எப்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

பழக்க தோஷத்தில் பூட்டில்லாத கடையின் பக்கத்தைத் திறந்தேன். அங்கே அப்டேட் இருந்தது.

"அத்தான், வந்துடுச்சு!"

என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தினார். "கொஞ்சம் இரு."

அந்தப் பக்கம் அக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"உன்னைச் சொல்லலைடி. நீ சொல்லு, அப்புறம் அந்த மேட்ரன் என்ன சொன்னா?"