இடது கைக்கு மாற்றிய கம்பிகள்

ஸ்டீரிங் வளையத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய கம்பிகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. எங்கள் கிள்ளான் வாடகை வண்டி ஸ்டாண்டில் அவற்றை மீசை என்போம். இப்போதைய வண்டிகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது புரியாது. இப்போது எஞ்சினுக்குப் போகிற பெட்ரோல் எண்ணெயைக் கூட்டுவதும் குறைப்பதும் காலடியில் இருக்கிறது. ஒரு பித்தானை அமுக்கினால் எஞ்சின் கிளம்பிவிடுகிறது. நான் முதலில் ஓட்டிய அமெரிக்க வண்டியில் எல்லாம் கைவேலைதான். வலது பக்கக் கம்பி எண்ணெய்க்கு. கீழே இழுத்தால் வண்டி பாயும், மேலே தள்ளினால் அடங்கும். இடது பக்கக் கம்பி தீப்பொறிக்கு. எஞ்சினுக்குள் பொறி முந்தி விழவேண்டுமா பிந்தி விழவேண்டுமா என்பது அதன் கையில். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் அதை மேலே தள்ளிப் பொறியைப் பிந்த வைக்கவேண்டும். அப்படிச் செய்யாமல் வண்டிக்கு முன்னால் போய் எஞ்சினைக் கிளப்புகிற ஹேண்டிலைச் சுற்றினால் எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைக்கும், பிடித்திருக்கும் கை முறியும். டிரைவர் வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

வண்டி ஒன்று, டிரைவர்கள் இரண்டு பேர். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருந்த எங்கள் முதலாளி அந்த வண்டியைக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே வாடகைக்கு ஓட்டினார். காலையிலிருந்து நண்பகல் வரை பெரிய டிரைவர் ஓட்டுவார். அதற்குப் பிறகு பொழுது சாயும் வரை நான். அவரை எல்லோரும் பெரிய டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அண்ணே என்பேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மாட்டு வண்டி ஓட்டி, பிறகு துரை ஒருவரின் வண்டியைக் கழுவி, அப்படியே மேலே வந்தவர். காக்கிச் சட்டையின் கழுத்துப் பித்தானைக்கூடப் போட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறுவார். வழியில் பத்து தீகா என்கிற ஊர் மேட்டில் மற்ற வண்டிகள் முக்கி முனகும்போது அவர் அந்த இரண்டு கம்பிகளையும் இரண்டு விரல்களால் லேசாக அசைப்பார், வண்டி சத்தம் மாறாமல் ஏறிவிடும். எனக்கு அந்த வித்தை கடைசிவரை வரவில்லை. பொறாமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இடது கைக்காரன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவன். சோற்றில் இடது கை வைத்ததற்காக வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. சாப்பிடுவதற்கும் விபூதி எடுப்பதற்கும் வலது கையைப் பழக்கிவிட்டார்கள். வேலை என்று வந்தால் இடதுதான். இந்த வண்டியில் எண்ணெய்க் கம்பி வலது பக்கம் இருந்தது எனக்குப் பெரிய தொல்லை. அவசரத்தில் வலது கை சொன்னபடி கேட்காது. ரயில் பட்டறையில் பிட்டராக இருந்த என் சித்தப்பாதான் ஒரு வழி செய்தார். கம்பிகளிலிருந்து பானெட்டுக்குள் எஞ்சினுக்குப் போகிற இரண்டு தண்டுகளையும் மாற்றிப் பூட்டிக்கொள்கிற மாதிரி இணைப்புகள் செய்து கொடுத்தார். ஸ்பேனரை எடுத்து இரண்டு நட்டுகளைக் கழற்றி மாட்டினால் எண்ணெய் இடது பக்கம் வந்துவிடும், பொறி வலது பக்கம் போய்விடும். முதலாளிக்கு ஆட்சேபணை இல்லை. பெரிய டிரைவர் மட்டும் வெகுநேரம் பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"உன் கைக்கு எது வாகோ அப்படி ஓட்டு லா. நான் வேணாங்கல. ஆனா நீ எறங்கும்போது வண்டி என் கைக்கு இருந்த மாதிரி இருக்கணும். நான் கம்பியப் பார்த்து ஓட்டுறவன் இல்ல, கை போற பக்கம் ஓட்டுறவன்."

அதுதான் எங்களுக்குள் ஏற்பட்ட முறை. நண்பகலில் வண்டியை வாங்கியதும் மாற்றுவேன், பொழுது சாய்ந்து ஸ்டாண்டிலேயே இருந்த கொட்டகையில் விடும்போது பழையபடி பூட்டுவேன். ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அவர் ஒரு தடவையும் சரிபார்த்ததில்லை.

காலையில் அவர் வண்டி எடுப்பதைப் பார்க்கவேண்டும். பானெட்டில் மூன்று விரலால் விபூதி பூசுவார். வெளியே நின்றபடியே உள்ளே கை நீட்டி இடது கம்பியை மேலே தள்ளுவார், வலது கம்பியைக் கொஞ்சம் கீழே இழுப்பார், கண் சாலையில் இருக்கும். பிறகு முன்னால் போய் வலது கையால் ஹேண்டிலைச் சுற்றுவார். இடது கையால் சுற்றுவதுதான் பத்திரம், உதைத்தாலும் ஹேண்டில் கையை விட்டு எகிறிவிடும். இதை நான் ஒரு தடவை அவரிடம் சொன்னேன்.

"காலையில மொத வேலைய பீச்சாங்கையால செய்யச் சொல்றியா?" என்று சிரித்தார். ஸ்டாண்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு அந்தக் கல்யாணம் வந்தது. எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் பெண். கிள்ளான் கோயிலில் தாலி கட்டு. பெண்ணையும் அவள் வீட்டாரையும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூட்டி வர எங்கள் வண்டியைப் பேசியிருந்தார்கள். புறப்பாடு பிற்பகலில், அதாவது என் முறையில். என் அம்மா அந்த வீட்டு வரிசை முழுக்கச் சொல்லிவிட்டாள். அடித்து அடித்து வளர்த்த பிள்ளை மாலை போட்ட வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தப் போகிறான் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. நான் இரண்டு நாளாகப் பித்தளையைத் துலக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் முதலாளி ஸ்டாண்டுக்கு வந்திருந்தபோது பெரிய டிரைவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"மொதலாளி, நல்ல காரியத்துக்கு பீச்சாங்கை டிரைவர அனுப்பாதீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்தா வண்டியத் திருப்பி அனுப்பிடுவாங்க. நானே போய்ட்டு வரேன்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். முதலாளி சரி என்றார். மறுநாள் என் அம்மா வாசலில் நின்றாள், வண்டி வந்தது, ஓட்டி வந்தவர் வேறு ஆள். என்னடா ஆயிற்று என்று அவள் பிறகு கேட்டாள்.

அன்றைக்கே நான் ஆத்திரத்தில் எதையாவது செய்திருந்தால் என்னைப் பற்றி இத்தனை கசப்பு எனக்கு இருந்திருக்காது. அன்று வண்டி என் கைக்கு வரவில்லை. அடுத்த நாள் நண்பகலில்தான் வந்தது. வழக்கம்போல் தண்டுகளை மாற்றிக்கொண்டு ஓட்டினேன். கோலாலம்பூருக்கு இரண்டு சவாரி. வெயில் தாழ்ந்ததும் கொட்டகையில் வண்டியை விட்டேன். பானெட்டைத் திறந்தேன். ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். அப்படியே நின்றேன். பிறகு ஸ்பேனரைப் பைக்குள் போட்டு பானெட்டை மூடிவிட்டு நடந்தேன். கோபம் ஒரு நாள் முழுக்க ஆறியிருந்தது. ஆறின பிறகும் அதைச் செய்தேன்.

வண்டி கிளம்பாமல் அவரைத் திணறடிக்கும், கிளம்பினாலும் குலுங்கிக் குலுங்கி நிற்கும், சவாரிக்காரர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும் என்று நினைத்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு டிரைவர் சொல்லக்கூடிய பொய்யா அது? கை பழக்கத்தில் அவர் வலது கம்பியைக் கீழே இழுப்பார், அது இப்போது பொறிக் கம்பி, பொறி முந்தும், ஹேண்டில் உதைக்கும். முதல் நாள் பாடம். எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலையிலேயே ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். நண்பகலுக்கு முன்னால் நான் அங்கே வருவதே கிடையாது. பின்சீட்டில் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். அவர் விபூதி பூசினார். கம்பிகளை அசைத்தார். முன்னால் வந்து குனிந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாலை அகலம்தான். கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. காய்ந்த கட்டையை முறித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் மண்ணில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வேண்டியவன் வந்துவிட்டான் என்கிற நிம்மதி.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. மணிக்கட்டு மடங்கவில்லை, விரல்கள் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. ஸ்டீரிங்கை வளைக்க முடியாதவருக்கு வண்டியில் என்ன வேலை? முதலாளி எங்கள் இருவரையும் வைத்து விசாரித்தார். தண்டைப் பழையபடி பூட்டாமல் விட்டது யார் என்று கேட்டார்.

"மறந்துட்டேன் மொதலாளி" என்றேன்.

"விடுங்க மொதலாளி, சின்ன வயசு. ரெண்டு வருசத்துல ஒரு நாள் மறந்துட்டான். நானும் குனிஞ்சு பார்த்திருக்கணும்லா" என்றார் பெரிய டிரைவர், கட்டுப் போட்ட கையோடு.

வண்டி முழுதாக என்னிடம் வந்தது. தண்டுகளை மாற்றுகிற வேலை இல்லாமல் போயிற்று. அவர் அதே ஸ்டாண்டில் வண்டிகளுக்கு ஆள் கூப்பிடுகிறவராக நின்றார். "கோலாலம்பூர்! கோலாலம்பூர்! ஒரு எடந்தான் இருக்கு!" என்று வெயிலில் கத்துவார். கழுத்துப் பித்தானை அவர் பெண் பிள்ளைதான் போட்டு அனுப்புவாள். தினமும் நான் டீ வாங்கிக் கொடுப்பேன், அவர் இடது கையால் வாங்கிக்கொள்வார். சாப்பிடுவதும் இடது கைதான். ஒரு விருந்தில் பக்கத்து இலைக்காரர் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்ததும் இவர் பாதியில் எழுந்து வந்துவிட்டார். வெளியே நின்றிருந்த என்னிடம், "இப்ப நானும் உன் கட்சிதான் லா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்குவதற்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிற்று. அந்த வண்டி போய் வேறொன்று வந்தது, அதுவும் போய் இப்போது இருக்கிற வண்டி வந்தது. இதில் மீசை இல்லை, ஹேண்டிலைத் தொடவேண்டிய அவசியமும் இல்லை. டிரைவர் எந்தக் கைக்காரன் என்று இந்த வண்டி கேட்பதில்லை. போன வருஷம் ஒரு காலையில் பெரிய டிரைவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதலாளி கடையில் கூறைப்புடவை எடுக்க வேண்டும். வண்டியில் வேறு ஆள் இல்லை. பத்து தீகா மேடு ஏறும்போது அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"தம்பி, எம் பொண்ணு கல்யாணத்துக்கு மால போட்ட வண்டிய நீதான் ஓட்டணும். அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால உன்னப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நெனச்சுப் பார்த்தா எனக்கே வெக்கமா இருக்கு. வேற யாரையும் கூப்பிட மாட்டேன், நீதான்."

இதற்குச் சரி என்று சொல்லியிருந்தால் போதும். என்னால் முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மறக்கவில்லை என்றேன். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதையும், அடுத்த நாள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்ததையும், கூப்பிடாமல் இருந்ததையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் அண்ணே என்று அழுதேன். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும், தெரிந்தும் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்று நானாக நினைத்துவைத்திருந்தேன்.

அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"மறந்துட்டேன்னே சொல்லிக்கிட்டு இருந்திருக்கலாமே" என்றார். "மறதிக்குப் போன கைன்னுதான் இத்தன வருசமா வெச்சிருந்தேன். யாருக்கும் வரலாம், எனக்கும் வரலாம்னு. அத நெனச்சுத்தான் தூங்குனேன், அத நெனச்சுத்தான் உன் கையால டீ வாங்கிக் குடிச்சேன். இப்ப அதையும் புடுங்கிட்டியே."

இடது கையால் தடவிக் கதவைத் திறந்து இறங்கினார். நான் இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. புடவை எடுக்கப் புறப்பட்டவர் கோலாலம்பூர்ப் பக்கம் போகாமல் வந்த வழியே வெயிலில் நடந்தார். கல்யாணத்துக்கு வண்டி பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். எனக்கு அழைப்பு வரவில்லை. ஸ்டாண்டில் இப்போது வேறு ஒருவர் ஆள் கூப்பிடுகிறார்.

சொல்லிவிட்டால் என் மனசு லேசாகும் என்று நினைத்துத்தான் அன்று சொன்னேன். லேசாகவும் ஆயிற்று. அவர் அந்த மேட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோதே ஆயிற்று. முறிந்த கைக்காக என்னை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன், அப்படி லேசானதற்காக மாட்டேன்.