இரண்டு நாற்காலிகள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இரண்டு நாற்காலிகள்.

எழுபதுகளில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மில்லின் ஹாக்கி அணியில் நான் கோல் கீப்பர். சம்பளமும் குடியிருக்க வீடும் மில் கொடுத்தது. விளையாடுவதுதான் வேலை. ஆட்ட நாளில் மைதானத்தின் ஒரு பக்கம் மேனேஜருக்குப் பிரம்பு நாற்காலி போடுவார்கள். எதிர்ப்பக்கம் முதலாளியின் மருமகனான செகரட்டரிக்கு இரும்பு மடக்கு நாற்காலி. அணி யாருடையது என்ற போட்டியில் இருவருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. ஆளுக்குப் பாதியாக ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். மேனேஜர் ஆள் செகரட்டரி ஆளுக்குப் பந்து தரமாட்டான். தோற்றுக்கொண்டே இருந்தோம். "அவங்கொ பதினோரு பேருதான் மச்சான், நமக்குத்தான் பதிமூணு பேரு எதிரு" என்பான் எங்கள் லெஃப்ட் விங். முதலில் சிரித்தோம். பிறகு அதுவும் நின்றது.

கேப்டன் சதுரங்கப்பட்டினத்துக்காரர். பாய் என்று கூப்பிடுவோம். இருவரில் யாருடைய ஆளாகவும் இல்லாதவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே இருவருக்கும் அவர்மேல் சந்தேகம். நான் கோலில் நின்று அந்த நாற்காலிகளையே பார்ப்பதைக் கண்டால், "இன்னா தம்பி, அங்க இன்னா சினிமாவா காட்டுறாங்க? பந்தப் பாரு" என்பார்.

ஒரு வருஷம், முதல் ஆட்டத்தில் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாக முதலாளி சொல்லியனுப்பினார். கலைத்தால் வேலையும் போகும், வீடும் போகும். பாய் வீட்டில் கைக்குழந்தையும் படுக்கையில் தாயும் இருந்த நேரம் அது.

அந்த ஆட்டத்தன்று ஆச்சரியமாக நாங்கள் ஒரு கோல் முன்னே இருந்தோம். போட்டது லெஃப்ட் விங், செகரட்டரியின் ஆள். அது மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. இடைவேளையில் பியூனை அனுப்பி அவனை வெளியே எடுத்துத் தன் ஆளை இறக்கினார். அதைப் பார்த்த செகரட்டரி டிரைவரை அனுப்பி, மேனேஜரின் ஆள் ஒருவனை எடுத்துத் தன் ஆளை இறக்கினார். அந்தக் காலத்தில் ஓர் ஆட்டத்தில் இரண்டு பேரைத்தான் மாற்றலாம். வெளியே போனவன் திரும்ப வர முடியாது. பாய் இரண்டு நாற்காலிக்கும் ஓடினார். "ரெண்டும் தீந்துட்சி சார். இனிமே எவனாச்சும் வுழுந்தா ஆளு கிடையாது" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அவரை அனுப்பியது மற்றவர்தான் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள்.

விழுந்தது அவரேதான். எதிரணிக்காரன் வீசிய மட்டை முழங்காலில் பட்டது. வேடிக்கை பார்த்த கூட்டம் மொத்தமும் எழுந்தது. அந்த இரண்டு பேர் மட்டும் எழவில்லை. முதலில் எழுந்தால் தோற்றவராகிவிடுவோம் என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போங்கள் பாய் என்று கெஞ்சினேன். "போனா பத்து பேருடா" என்று நொண்டிக்கொண்டே நின்றார். அவரால் ஓடிப்போய்த் தடுக்க முடியாத பக்கமாகவே இரண்டு கோல் வந்தது.

அணியைக் கலைத்தார்கள். குற்றம் மற்றவருடையது என்று இருவரும் முதலாளியிடம் போய்ச் சொன்னார்கள். இருவர் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாய் வீட்டைக் காலிசெய்து மாமல்லபுரம் கடற்கரையில் சங்கு, சோழி விற்கப் போனார். அந்தக் கால் கடைசிவரை மடங்கவில்லை. தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்வார்.

போன வாரம் அவர் இறந்துபோனார். கல்பாக்கத்தில் வாட்ச்மேன் வேலையிலிருந்து அப்படியே போனேன். வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. மேனேஜரும் வந்திருந்தார், செகரட்டரியும் வந்திருந்தார். இருவருக்கும் நன்றாக வயதாகிவிட்டது. இந்தக் கோடியில் ஒரு நாற்காலி, அந்தக் கோடியில் ஒரு நாற்காலி. பழையபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

பாயைத் தூக்கிக்கொண்டு நடுவே போனோம். அப்போது இருவரும் எழுந்து நின்றார்கள்.

மாசி மகத்துக்கு மறுநாள் எழுதியது.