பச்சை அட்டைப் புத்தகத்தின் முடிவு

நூர் பாஷா அந்தப் பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டதை அன்றைக்கு யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இண்டூர் லைப்ரரி அப்போது சந்தைமேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் இருந்தது. உள்ளே ஆண்கள் பேப்பர் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதன்முதலாக வந்த தீர்த்தம்மாள், உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். மூலையில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த நூர் பாஷா எழுந்தார். இருந்த இரண்டு பெஞ்சில் ஒன்றைத் தூக்கி வந்து வேப்பமர நிழலில் போட்டார். தோள் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். திரும்பிப் போய் ஊசியில் நூல் கோத்தார். அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சு உள்ளே போகவே இல்லை. ஊர்ப் பெண்கள் நாலு பேர் லைப்ரரிப் பக்கம் வரத் தொடங்கியது அந்தப் பெஞ்சால்தான்.

அவருக்கு வீடு தருமபுரியில். வியாழக்கிழமை தோறும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு கையில் மைதா பசை வாளி. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதால் அவர் நகங்கள் எந்நேரமும் லேசான நீலமாக இருக்கும். மதியம் தொழுகைக்கு மரத்துக்கு அந்தப் பக்கம் துண்டை விரிப்பார். அந்த நேரம் பெஞ்சில் இருப்பவர்கள் யாரும் சொல்லாமலே பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

வியாழக்கிழமைப் பேச்சு முழுக்கப் புத்தகப் பேச்சுதான். நீ என்ன படிக்கிறே, எதுவரைக்கும் வந்திருக்கே, நல்லா இருக்குதா, எனக்கு எடுத்து வை என்று பெஞ்சுக்கும் வாசலுக்கும் பேச்சு போய்வரும். கடைசியில் எல்லாரும் நூர் பாஷாவிடம்தான் வந்து நிற்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் அவர். முழுப் புத்தகம் ஒன்றையும் படித்து முடித்ததில்லை. ஆனாலும் அவரிடம் ஒரு வழி இருந்தது. புத்தகத்தை மூடி, தாள்களின் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்.

"கதையைப் பத்தி எனக்கென்னங்க தெரியும். கை அழுக்கு எதுவரைக்கும் போயிருக்குதோ அதுவரைக்கும் நல்லாருக்குது. இதைப் பாருங்க, நாப்பதாம் பக்கத்துக்கு மேல வெள்ளை வெளேர்னு இருக்குது. எல்லாரும் அங்கயே தூங்கிட்டாங்க."

பெஞ்சு சிரிக்கும். ஆனால் அவர் சொன்னது பெரும்பாலும் தப்பாது.

அறுபத்தெட்டாம் வருஷம் புரட்டாசியில் அவர் தீர்த்தம்மாளுக்கு ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் ஒரே அழுக்கு. கடைசிப் பக்கம் எல்லாவற்றையும்விட அழுக்கு. இதைக் கீழே வைத்தவர்களே இல்லை போலிருக்கிறது என்றார். அந்தக் கடைசிப் பக்கத்தால் அவள் என்ன பாடு படப்போகிறாள் என்று அவருக்கும் தெரியாது.

தீர்த்தம்மாளுடைய புருஷன் மாது வீட்டைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கிணறு வெட்டினான், தண்ணீர் வரவில்லை. ஊரே சொல்லியும் கேளாமல் மேலும் வெட்டினான், பாறைதான் வந்தது. எதிர்ப்பட்டவர்களெல்லாம், "என்ன மாது, தண்ணி வந்துச்சா?" என்று கேட்கக் கேட்க, ஒருநாள் சொல்லாமல் பெங்களூருக்குப் போய்விட்டான். ஒரு மரக்கடை விலாசம் எழுதி, சுகம், வருகிறேன் என்று ஒரே ஒரு கார்டு வந்தது. அவள் மூன்று கடிதம் போட்டாள், பதில் இல்லை. மொரப்பூரில் இருந்த அண்ணன் நஞ்சப்பன், இனி எதற்குக் காத்திருக்கிறாய், கார்த்திகைக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிடு என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான்.

காத்திருப்பதா, போவதா என்று அவள் மாரியம்மன் சந்நிதியில் பூக்கேட்டாள். முதல் தடவை வெள்ளைப் பூ வந்தது, இரு என்று. மனசு ஆறாமல் மறுபடியும் கேட்டாள். சிவப்பு வந்தது, போ என்று. மூன்றாம் தடவை எடுத்த பொட்டலத்தில் பூவே இல்லை. கட்டும்போது நழுவியிருக்கும் என்றார் பூசாரி. அம்மன் மனசில் என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் அவள் வீட்டுக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள் கைக்கு வந்தது அந்தப் புத்தகம். அதில் ஒரு பெண்; அவள் புருஷனும் சொல்லாமல் போய்விடுகிறான்; அவளும் காத்திருக்கிறாள். தீர்த்தம்மாளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அம்மன் வாயால் சொல்லாததை எழுத்தில் அனுப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். குளித்து, விளக்கேற்றி, புராணம் படிக்கிற மாதிரி நாளுக்குப் பத்துப் பக்கம் படித்தாள். கதையில் அவன் வந்தால் இருப்பது, வராவிட்டால் மொரப்பூருக்குப் போவது.

இருநூற்று எண்பத்தாறாம் பக்கத்தில் மழை பெய்கிறது. கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. அந்தப் பெண் எழுந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அடுத்தாற்போல் பச்சை அட்டை.

மறுநாள் லைப்ரரிக்காரர் கோவிந்தனிடம் போய், வந்தது யாரென்று கேட்டாள். புருஷன்தான், குழந்தைக்குப் பலகாரம்கூட வாங்கி வந்தான் என்றார் அவர். கதையில் குழந்தையே கிடையாதே என்று அவள் விழித்தாள். வாத்தியார் சம்சாரம் ராணியம்மாளோ, வந்தது தந்திக்காரன், அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை என்றாள். டீக்கடைச் சென்னப்பன், "வந்தான், வந்தான். தனியா வரலை, ஜோடியா வந்தான்" என்று சொல்லிவிட்டுப் பாலை ஆற்றப் போய்விட்டான். மூன்று பேருமே கண்ணால் படித்ததாகச் சத்தியம் செய்தார்கள். வெள்ளை, சிவப்பு, வெறும் பொட்டலம். கோயிலில் பட்ட அதே பாடு.

வியாழக்கிழமை அவள் புத்தகத்தை நூர் பாஷா முன்னால் வைத்தாள். அவர் முதுகுப் பக்கத்தைப் பிரித்துத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார்.

"அஞ்சு வருஷத்துக்கு முந்தி நான்தாங்கம்மா இதைத் தைச்சேன். தையல் இந்த எடத்தோட முடிஞ்சிருக்குது. அப்படின்னா எங்கைக்கு வரும்போதே கடைசித் தாளுங்க இல்லை."

"அப்ப இவங்கெல்லாம் என்னத்தைப் படிச்சாங்க பாய்?"

"ஒருத்தரும் படிக்கலைங்க. இந்த அழுக்கு, கதை நல்லாருக்குதுன்னு வந்த அழுக்கில்லை. அடுத்த பக்கம் ஒட்டிக்கிட்டிருக்குதான்னு ஆளுக்கு ஆள் பொரட்டிப் பாத்த அழுக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

கோவிந்தனை மறுபடியும் கேட்டபோது, படித்த மாதிரிதான் ஞாபகம் என்றார். ராணியம்மாள் கோபித்துக்கொண்டாள். சென்னப்பன் சிரித்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை என்று தீர்த்தம்மாளுக்குப் பட்டது. பொய்யில்லையென்றால் அது என்னவென்றுதான் புரியவில்லை. வேறு வழியில்லாமல் நூர் பாஷாவிடம் பூக்கேட்டது முதல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த இரண்டு வாரமும் தருமபுரியில் தெரிந்த இடத்திலெல்லாம் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியைத் தேடினார். சேலத்துக்கும் ஆள் சொல்லி அனுப்பினார். கிடைக்கவில்லை. வெறுங்கையோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நஞ்சப்பன் வண்டியோடு வருவதாக அதற்குள் கடிதமும் வந்திருந்தது.

"விடுங்க பாய்," என்றாள் கடைசியில். "அந்தாளு வந்தா என்ன, வராட்டி என்ன. அவரு எம்வூட்டுக்காரரு இல்லியே. எம்வூட்டுக்காரரு பெங்களூர்ல இருக்கறாரு. போய்க் கேட்டாத் தெரிஞ்சிட்டுப் போவுது."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நூர் பாஷா ஒரு துண்டுக் காகிதத்தில் தம்பி காசிமின் பெங்களூர் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அவன் வீட்டில் பெண்டுபிள்ளைகள் இருக்கிறார்கள், இரண்டு நாள் தங்கித் தேடலாம் என்றார். அண்ணன் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமையே, அவள் புறப்பட்டாள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அவள் பஸ் மாறுகிற நேரத்துக்கு நூர் பாஷா வந்து நின்றார்.

மரக்கடையில் மாது இருந்தான். கட்டை விழுந்ததில் ஒரு காலை விந்தி விந்தி நடந்தான். அவள் போட்ட மூன்று கடிதமும் பெட்டியில் மடித்தபடி இருந்தன. இரண்டு தடவை மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் வந்து இறங்கினானாம். தண்ணி வந்துச்சா என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்து அடுத்த ரயிலில் திரும்பிவிட்டானாம். இதைக் கேட்டு அழுவதா, திட்டுவதா, சிரிப்பதா என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. கடையில் அவன் வாங்கியிருந்த முன்பணக் கணக்குத் தீரும்வரை அங்கேயே இருந்து, அவனைக் கூட்டிக்கொண்டு தை மாதம் ஊர் திரும்பினாள். யாரும் கிணற்றைப் பற்றிக் கேட்கவேயில்லை. அவர்களுக்கு அது எப்போதோ மறந்துபோயிருந்தது.

வந்த முதல் வியாழக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு லைப்ரரிக்குப் போனாள். பெஞ்சு மரத்தடியிலேயே கிடந்தது. மூலையில் வேறொருவர் பசை தடவிக்கொண்டிருந்தார். நூர் பாஷா மார்கழியில் காய்ச்சல் கண்டு மௌத்தாகிவிட்டார் என்று கோவிந்தன் மெதுவாகச் சொன்னார். தீர்த்தம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். சொல்லவேண்டும் என்று பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது நெஞ்சுக்குள்ளேயே நின்றது. மாது ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் நின்றான்.

அவள் பெங்களூருக்குப் புறப்பட்ட அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில், மூட்டையைத் தூக்கி ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்துவிட்டு, அந்த நீல நகங்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்:

"எதுவா இருந்தாலும் வந்து சொல்லுங்கம்மா. அஞ்சு வருஷமா எல்லாருக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்துக் குடுத்துட்டிருக்கேன். கதவைத் தட்டினது யாருன்னு எனக்கும் தெரியலை."