சாமி மேடையில் வைத்த சாவி

அந்த வெள்ளிக்கிழமை மாலை, பூட்டிய கிரில்லைப் பிடித்துக்கொண்டு, "தாயே, என்னை எடுத்துக்கோ, இவர விட்டுடு" என்று கதறினேன். பின்னால் வீடு எரிந்துகொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் என் கணவர் இருமிக்கொண்டிருந்தார். சாவி நெருப்புக்குள் இருந்தது.

அம்மனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மலேசியாவில், மேருவில் எங்கள் தாமான் குடியிருப்பில் திருட்டு பயம் அதிகம். முன்வாசல், பின்வாசல், சன்னல் எல்லாவற்றுக்கும் இரும்புக் கிரில்தான். பகலிலும் உள்ளே பூட்டிக்கொண்டுதான் இருப்போம். பூட்டிய கையோடு சாவிக்கொத்தைச் சாமி மேடையில், மாரியம்மன் படத்தின் காலடியில் வைப்பது எங்கள் வழக்கம். அவள் காவல் இருக்கும்போது எவன் வருவான்?

கணவர் லோரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது கை, கால், பேச்சு எல்லாம் போய்விட்டன. வாய் ஓயாத மனிதருக்கு மிஞ்சியது "ம்" மட்டும்தான். அந்த "ம்"மிலேயே என்னைத் திட்டவும் செய்வார்.

தீ விபத்துக்குச் சில மாதம் முன்பு, தன்னார்வத் தீயணைப்புப் படையினர் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் எதிர்வீட்டு வளர்மதி. பகலில் தொழிற்சாலை வேலை, லீவு நாளில் போம்பா என்ற தீயணைப்புப் படையின் சட்டை.

"ஆன்டி, சாவிய கிரில் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டுங்க லா. வெளிய இருந்து கை எட்டக் கூடாது, உள்ள இருந்து எட்டணும். விளக்குகிட்ட வேணாம்."

"அம்மாகிட்ட இல்லாத பத்திரம் உன் ஆணியிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, தேநீர் கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவளும் அவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மின்விசிறிக் காற்றில் படத்தின் பிளாஸ்டிக் மாலை விளக்கில் விழுந்திருக்கிறது. கருகல் வாடை வந்து திரும்பினால், பலகை மேடை முழுக்கப் பற்றிவிட்டது. சாவியை எடுக்கக் கை நீட்டினேன். கை வெந்ததுதான் மிச்சம். நாற்காலியை வாசலுக்குத் தள்ளி வந்து கத்தினேன். புகையில் தொண்டை அடைத்தது.

"உன் காலடியிலதானே வெச்சேன்! பதில் சொல்லு!" என்று அம்மனிடமே சண்டை போட்டேன்.

அவர் இடது கையால் என் சேலையை இழுத்தார். விடைபெறுகிறார் என்றே நினைத்தேன். நெஞ்சு வெடித்து அழுதேன். "ம்!" என்று அதட்டி, இன்னும் பலமாக இழுத்தார். குனிந்து பார்த்தேன். சேலையை விட்ட அதே விரல்கள் இப்போது நாற்காலிக் கைப்பிடியின் அடியில் எதையோ பிடித்திருந்தன. சிவப்புக் கயிற்றில் கட்டிய ஒரு சாவி.

பூட்டோடு வந்த இரண்டாவது சாவி. நான் தேநீர் கலக்கப் போன நேரத்தில், அவர் அலமாரியைக் காட்ட, வளர்மதி எடுத்து அங்கே கட்டியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் கொண்டுபோய் அம்மன் காலடியில்தான் வைத்திருப்பேன்.

திறந்தோம். வெளியே வந்தோம். வளர்மதியும் தோழர்களும் குழாயோடு ஓடி வந்தார்கள். கூடம் கருகிப்போனது. அவர் இருக்கிறார். எனக்கு அது போதும்.

அம்மன் படமும் எரிந்துவிட்டதே, வருத்தம் இல்லையா என்று கேட்கிறார்கள். என்ன வருத்தம்? நான் வேண்டுவதற்கு முன்பே, பதிலை என் கணவர் கைக்கு எட்டும் இடத்தில் கட்டி வைத்தவள் அவள். அழுது முடித்து நான் குனிந்து பார்க்கும்வரை காத்திருந்தாள்.

புதிய மேடையைக் கல்லில் கட்டினோம். விளக்கு கண்ணாடிக் கூண்டுக்குள் எரிகிறது. சாவி கிரில் பக்கத்து ஆணியில். வளர்மதியோடு நானும் இப்போது வீடு வீடாகப் போகிறேன். சாமி மேடையில் சாவியைப் பார்த்தால் என் கையின் தழும்பைக் காட்டுகிறேன்.

அம்மனை நம்புங்கள். இன்று விளக்கேற்றுங்கள், மனதார வேண்டுங்கள். அவள் காலடியில் பூவை வையுங்கள். சாவியை மட்டும் எடுத்துவிடுங்கள்.