மெல்லத் திரும்பிய கால்கள்

யுத்த காலத்தில் ஒரு வைகாசி. எனக்குக் காய்ச்சல் விட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தென்காசியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கால்விரலிலிருந்து மெட்டி கழன்று விழுந்ததைக் கணவர்தான் பார்த்துச் சொன்னார். எனக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் படியேற முடியவில்லை. அந்த வாரத்துக்குள் மரமரப்பு இடுப்பைத் தாண்டிக் கைகளுக்கு வந்தது. முகத்தையும் பிடித்தது. கஞ்சி குடித்தால் புரையேறியது.

டாக்டர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. 'பாலிநியூரைட்டிஸ்' (பல நரம்புகள் ஒருசேர அழன்று செயலிழப்பது) என்றார். இதற்கென்று தனி மருந்து கிடையாதாம்.

“மூச்சு மட்டும் தப்பிச்சுட்டா பிழைச்சுக்கிடுவாங்க. நரம்பு திரும்ப வரும். ஆனா மெதுவாத்தான் வரும்.”

அத்தை, அதாவது என் மாமியார், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் எனக்குக் கஞ்சி புகட்டினார். ஒருநாள் அவருடைய அண்ணன் வந்து என் காதுபடவே பேசினார்.

“பயலுக்கு முப்பது வயசுகூட ஆகல. இவள அவுக அப்பன் வீட்டுல விட்டுட்டு வேற பொண்ணு பாப்போம்.”

என்னால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. முகம் அசையாததால் அது அழுகை என்று யாருக்கும் தெரியவில்லை.

அத்தை பாலாடையைக் கீழே வைக்கவில்லை. “நாளைக்கு நான் இப்படிக் கெடந்தா, என்னை எங்க கொண்டு விடச் சொல்லுவிய, அண்ணாச்சி?”

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆனிச் சாரல் விழுந்ததும் கணவர் குற்றாலத்தில் ஓர் அறை பிடித்து, வண்டியில் வைக்கோல் பரப்பி என்னைக் கொண்டுபோனார். அருவிக்குக் கீழே நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்; மரத்த உடம்புக்கு அடிபடுவது தெரியாது. அதனால் குடத்தில் அருவித் தண்ணீர் கொண்டுவந்து, எண்ணெய் தேய்த்த கால்களில் ஊற்றுவார்.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில், தண்ணீர் பட்டதும் கணுக்காலில் முள் தைத்ததுபோல் சுருக்கென்றது. அலறிவிட்டேன்.

“என்னளா, வலிக்கா?”

“வலிக்கு. இன்னும் ஊத்துங்க.”

அவர் சிரித்ததை அந்த வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.

இதே நோயில் கிடப்பவர்கள் வலியைக் கண்டு பயப்பட வேண்டாம். எனக்கு முதலில் திரும்பி வந்தது அதுதான். எழுந்து நிற்பதற்குள் ஓர் அறுவடை போய்விட்டது. இடுப்பில் குடம் எடுக்க இன்னும் சில வருஷங்கள்.

ஒன்று மட்டும் வரவே இல்லை. கண்ணை மூடினால் பாதம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. முகம் கழுவும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். முற்றத்திலிருந்து அடுக்களைக்குப் போக, பாதத்தைப் பார்த்து ஊன்றி, பிறகுதான் அடுத்ததை எடுக்கிறேன்.

“ஏளா, வருதியா?” என்று அத்தை உள்ளேயிருந்து கேட்பார்.

“வந்துக்கிட்டிருக்கேன், அத்தை.”

அவர் அவசரப்படுத்துவதில்லை. நானும் அவசரப்படுவதில்லை.